ஒற்றைத் துளையும் ஏழு ஒயர்களும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் முடிவுகள் பெரும்பாலும் பல் தேய்க்கும்போதுதான் பிறக்கும். வீட்டில் அந்த மூன்று நிமிடம்தான் யாரும் என்னிடம் பதில் எதிர்பார்ப்பதில்லை. வாயில் நுரை இருப்பவனிடம் என்ன கேட்டுவிட முடியும்?

முடிவு இதுதான். இன்றிலிருந்து சின்ன அறை என்னுடையது.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை, கடைசியாக ஒரு சின்ன அறை. படுக்கையறைக் கதவு மழையில் ஊதிப்போய் மூன்று வருடமாகச் சாத்த முடிவதில்லை. இழைக்க வேண்டும் என்று நானும் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆகவே குளியலறையை விட்டால், கதவும் தாழ்ப்பாளும் ஒழுங்காக இருக்கும் ஒரே இடம் அந்தச் சின்ன அறை. அதில் ஒரு மேஜை, இரண்டு பெட்டிகள், உடம்பைக் குறைக்க நான் வாங்கிய ஓடாத சைக்கிள் ஒன்று. சைக்கிளின் மேல் துணி காயும். உடம்பு அப்படியே இருக்கிறது.

நான் லிப்ட் ஆய்வாளன். கட்டடம் கட்டடமாகப் போய், லிப்ட் ஒழுங்காக ஏறுகிறதா, ஒழுங்காக இறங்குகிறதா, நடுவில் நின்று யாரையாவது அழவைக்கிறதா என்று பார்த்து, 'அதிகபட்சம் ஆறு பேர்' என்று தகடு அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடுவது என் வேலை. வெளியே நாள் முழுக்க ஏறியும் இறங்கியும் திரிகிறேன். வீட்டில் மட்டும் எப்போதும் இறங்கித்தான் போகிறேன்.

எதற்கு அறை என்று கேட்பீர்கள். சின்ன வயதில் டிவியில் சொருகி ஆடுவோமே, கார் ஓட்டுவது, குதித்துக் குதித்துப் போவது, வானத்திலிருந்து விழுவதைச் சுடுவது. அத்தனையையும் உள்ளே அடக்கிக்கொண்டு, கையில் பிடித்து ஆடக்கூடிய ஒரு சின்ன இயந்திரத்தை நானே செய்யப்போகிறேன். கடையில் கிடைக்காதா என்றால் கிடைக்கும். கடையில் கிடைப்பதை வாங்குகிறவன் மனிதன். கடையில் கிடைப்பதையே வீட்டில் செய்கிறவன் பொறியாளன். நான் டிப்ளமா, இரண்டுக்கும் நடுவில்.

சாமான்கள் சேர்ந்துவிட்டன. தீப்பெட்டி அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் பலகை. காரைப் பின்னால் எடுக்கும்போது பார்க்கிற சின்னத் திரை ஒன்று. பழைய பவர் பேங்க், சில பட்டன்கள். இதையெல்லாம் வைத்து மூட, என்னுடைய மதியச் சாப்பாட்டு டப்பா. மறுநாள் சாப்பாட்டை எதில் கொண்டுபோவது என்ற கேள்வி மறுநாள் மதியம்தான் எனக்கு உதித்தது.

வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே மனைவியிடம் போனேன். டம்ளர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சின்ன ரூமை நான் எடுத்துக்கறேன்."

"எதுக்குங்க?"

"ஒரு ஆராய்ச்சி."

அவள் ஒரு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "எனக்கும் அந்த ரூம் வேணுமே."

இது நான் எதிர்பார்க்காதது. அவளுக்கு என்ன ஆராய்ச்சி? கேட்டேன்.

"கதவு இருக்கு," என்றாள்.

அவள் காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறாள். வருகிறவர்கள் எல்லாரும் காது கேட்காதவர்கள், அதனால் கத்துகிறார்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று இவளும் கத்துகிறாள். வீட்டுக்கு வந்தால் டிவி கத்துகிறது. டிவியை மீறி நான் பேசுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றாள். இந்த வீட்டில் குளியலறையில் மட்டும்தான் அது முடிகிறதாம். அங்கேயும் நான் கதவைத் தட்டி நகவெட்டி எங்கே என்று கேட்கிறேனாம்.

கேட்டிருக்கிறேன். நகவெட்டி அவள் கையில்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

எனக்குப் பெருந்தன்மை பொங்கியது. பெருந்தன்மை பொங்கும்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. போட்டி வைத்துக்கொள்ளலாம் என்றேன். நான்கு வாரத்தில் இயந்திரத்தைச் செய்து முடித்து, ஆடிக் காட்டுகிறேன். காட்டிவிட்டால் அறை நிரந்தரமாக எனக்கு. முடியாவிட்டால் நிரந்தரமாக அவளுக்கு. பின்னால் பேச்சு மாறக்கூடாது, எழுதி வைத்துக்கொள்வோம்.

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் நான் சொன்னதை அவள் அப்படியே கேட்ட அரை மணி நேரம் அதுதான். ஆய்வறிக்கை எழுதிப் பழகிய வாய் எனக்கு. வாசகங்கள் வரிசைகட்டி வந்தன. இயந்திரம் கையில் பிடித்து ஆடத்தக்கதாக இருக்க வேண்டும். சுவருக்கும் அதற்கும் எந்த ஒயரும் போகக்கூடாது. அதில் மாட்டப்பட்ட அனைத்தும் ஒரே சமயத்தில் இயங்க வேண்டும். அரை மணி நேரம் இடையில் நிற்காமல் ஓட வேண்டும். தவறும் பட்சத்தில் மேற்படி அறை, அதில் பொருத்தப்பட்ட சகல சாதனங்களுடனும், எதிர்த்தரப்பின் வசம் ஒப்படைக்கப்படும்.

கடைசி வரி என் தொழில் பழக்கம். ஒரு லிப்ட்டை மூடி முத்திரை வைத்தால் வெறும் கூண்டுக்கு மட்டும் வைப்பதில்லை. விசிறி, விளக்கு, கண்ணாடி, கம்பி எல்லாவற்றோடும்தான் வைப்போம். சொல்லி முடிக்கும்போது நாக்கு தானாகவே அந்த வரியில் போய் நிற்கும்.

அவள் பேனாவை நிறுத்தி ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். "மாட்டப்பட்ட அனைத்தும்னா எதெதுங்க?"

"நீ எது கேட்டாலும் மாட்டித் தர்றேன்."

"அதையும் எழுதிடட்டுமா?"

"தாராளமா."

எழுதிவிட்டாள்.

சாட்சிக்குப் பக்கத்து வீட்டு ஹெட் நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டோம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி முழுவதும் அவர் கண் அசைவில் நடக்கிறது. காகிதத்தை இரண்டு முறை படித்தார். என் முகத்தை ஒரு முறை படித்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்து, நேரம் போட்டு, கையெழுத்திட்டார். நோயாளியின் கட்டில் காலடியில் தொங்குமே, அந்த அட்டையில் போடுகிற மாதிரி.

"நல்லா யோசிச்சுத்தானே எழுதினீங்க தம்பி?" என்றார்.

நான் சிரித்தேன்.

வேலை ஆரம்பித்தது. அந்தக் குட்டிப் பலகையில் ஒரு குறை. வெளியிலிருந்து எதை மாட்டுவதானாலும் அதில் ஒரே ஒரு யு.எஸ்.பி. துளைதான். கேம்களைச் சேர்த்து வைத்திருக்கும் பென் டிரைவை மாட்டினால் வேறு எதற்கும் இடமில்லை. வேறு எதையாவது மாட்டினால் கேமே இல்லை. இதற்குத்தான் ஹப் என்று ஒன்று விற்கிறார்கள். ஒரு துளையில் அதை மாட்டினால் அது நான்கு துளையாகப் பிரித்துக் கொடுக்கும். கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே வாசல் மாதிரி. ஹப்பை அப்படியே வைத்தால் டப்பா மூடாது. எனவே அதன் பிளாஸ்டிக் உறையை உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் தகட்டை நான்கு ஒயரால் பலகையோடு பற்றவைக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் கரண்ட் கொண்டுபோகும். வெள்ளையும் பச்சையும் செய்தி கொண்டுபோகும்.

பற்றவைத்தேன். மேஜையில் மூன்று வடு, என் கட்டைவிரலில் ஒன்று. ஹப்பில் விளக்கு எரிந்தது. பென் டிரைவை மாட்டினேன். இயந்திரம் அப்படி ஒன்று வந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. எடுத்தேன், மாட்டினேன், ஊதினேன், மறுபடியும் மாட்டினேன். மூன்று நாள் இதே கதை.

மனைவி தலை வாரிக்கொண்டே வாசற்படியில் வந்து நின்றாள். வெள்ளையும் பச்சையும் இடம் மாறியிருக்குமோ என்று மெல்லக் கேட்டாள். அவள் கேட்டதில் தவறில்லை. அவளும் நாள் முழுவதும் அரிசி அளவு சாமான்களில் முடி அளவு ஒயர்களைப் பற்றவைக்கிறவள்தான். ஆனால் அது காது சம்பந்தப்பட்டது. இது கை சம்பந்தப்பட்டது. நான் பொறுமையாக விளக்கினேன். நிறமெல்லாம் பார்க்கிற நமக்காக. கரண்ட்டுக்குக் கண் கிடையாது.

"சரிங்க," என்று போய்விட்டாள்.

புதன்கிழமை மாலை அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மாட்டிப் பார்த்தேன். பென் டிரைவை ஏற்றுக்கொண்டது. திரையில் வரிசையாகக் கேம்களின் பெயர்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏன் இப்போது வேலை செய்கிறது என்று யோசித்து ஒரு விடையும் கண்டுபிடித்தேன். சிமெண்ட் பூசினால் இறுக இரண்டு நாள் ஆகிறது அல்லவா? ஈயமும் அப்படித்தான் இறுகியிருக்கிறது. இதை மனைவியிடம் சொன்னேன்.

"இருக்கும்ங்க," என்றாள்.

நான் எப்போதும் மேஜை மேல் படுக்கப்போடுகிற, ஈயம் உருக்கும் சால்டரிங் கம்பி அன்றைக்குத் தாங்கியில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அதை என் கண் பார்த்தது. ஆய்வாளனின் கண் எதையும் தவறவிடாது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற ஒயரில்தான் ஏதோ கோளாறு.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வசந்தம் வந்தது. மனைவிக்கு என் இயந்திரத்தில் ஆர்வம் பிறந்தது. மாலையில் வேலை முடிந்து வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருவாள். இது எதற்கு, அது எதற்கு என்று கேட்பாள். டப்பாவிலேயே பட்டன்கள் இருந்தாலும் ஜாய்ஸ்டிக் இருந்தால் இன்னும் நன்றாக இருக்காதா என்றாள். மாட்டினேன். இரண்டு நாள் கழித்து, கொஞ்சம் தயங்கி, இரண்டு பேர் சேர்ந்து ஆட முடியுமா என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் நான் உருகிவிட்டேன். ஈயம்கூட அவ்வளவு சீக்கிரம் உருகாது. இரண்டாவது ஜாய்ஸ்டிக் வந்தது.

அப்புறம் ஜெயித்தவர் பெயரை அடிக்க ஒரு கீபோர்டு. சாட்சி அக்காவுக்கும் சத்தம் கேட்க வேண்டாமா என்று ஒரு ஸ்பீக்கர். திரை சின்னது, எழுத்து பொடி, என் கண் கெட்டுப்போய்விடும் என்று கழுத்து வளையும் ஒரு சின்ன விளக்கு. நான்கு துளை தீர்ந்துபோய், ஒரு துளையில் இன்னொரு ஹப்பைத் தொங்கவிட்டேன். கடைசியாக ஒருநாள் டப்பாவின் அடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்படிச் சுடுதே, உங்க கை வெந்துடாதா?" என்று கவலைப்பட்டாள். கையடக்க மின்விசிறி ஒன்று, இரண்டு வேகம் கொண்டது, ஏழாவதாகச் சேர்ந்தது. அதுவும் யு.எஸ்.பி.தான். இப்போதெல்லாம் எல்லாமே யு.எஸ்.பி.தான்.

ஒவ்வொன்றையும் மாட்டும்போது என் மார்பு ஒரு அங்குலம் விரிந்தது. அலுவலகத்தில் மற்றவர்கள் தங்கள் மனைவிமாரைப் பற்றிப் பேசும்போது நான் பரிதாபத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். கணவன் கையில் ஒரு கருவியைக் கண்டாலே கத்தரிக்கோலைத் தேடுகிற பெண்கள் மத்தியில், கணவனின் கை வெந்துவிடுமே என்று விசிறி வாங்கி வருகிற பெண் எத்தனை பேருக்கு வாய்ப்பாள்? அறையை ஜெயித்த பிறகு வாரத்தில் ஒரு நாள் அவளுக்கு விட்டுக்கொடுப்பது என்றுகூட மனதுக்குள் முடிவு செய்தேன்.

நடுவில் ஒருநாள் ஹெட் நர்ஸ் அக்கா எட்டிப் பார்த்தார். மேஜை மேல் டப்பா, அதைச் சுற்றி ஏழு பக்கமும் ஒயர்கள். "ஐ.சி.யு. கேஸ் மாதிரி இருக்கே தம்பி. பொழைச்சுக்குமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நன்றாகவே பிழைத்திருந்தது. எல்லாவற்றையும் மாட்டி ஓடவிட்டால் திரையின் மூலையில் மஞ்சளாக ஒரு மின்னல் குறி மட்டும் வந்து வந்து போகும். பார்க்க அழகாக இருந்தது. அலங்காரத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது ஞாயிறு, மாலை நான்கு மணி. சின்ன அறையில் நாங்கள் மூன்று பேர். நான் டப்பாவைக் கையில் பிடித்திருந்தேன். மனைவி கையில் ஒரு ஜாய்ஸ்டிக். இன்னொன்றை அவ்வப்போது தட்டிக்கொண்டிருக்க ஹெட் நர்ஸ் அக்காவிடம் கொடுத்திருந்தேன். அனைத்தும் இயங்க வேண்டுமே. கீபோர்டும் அவர் மடியில்தான். ஸ்பீக்கர், விளக்கு, விசிறி மேஜையில். சுவருக்குப் போகிற ஒயர் ஒன்றும் இல்லை என்று அக்கா சுற்றிவந்து பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்து, ஆரம்பிக்கலாம் என்றார்.

கார் ஓட்டுகிற ஆட்டம். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. நான் ஓட்டிய லாகவத்தை இங்கே வர்ணிக்கலாம், நேரமில்லை. மூலையில் மின்னல் அடித்துக்கொண்டே இருந்தது. பதினேழாவது நிமிடத்தில் மனைவி என் நெற்றியைப் பார்த்தாள்.

"வேர்க்குது உங்களுக்கு. ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வைக்கட்டுமா?"

அந்த நேரத்திலும் என் நெற்றியைப் பார்க்கிறாளே என்று நெகிழ்ந்துபோய், வை என்றேன்.

விசிறியை இரண்டாம் வேகத்துக்குத் தள்ளினாள். ஸ்பீக்கர் ஒரு முறை தொண்டையைச் செருமியது. விளக்கு மங்கியது. திரை அணைந்தது. மூன்று விநாடி கழித்து இயந்திரம், இப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி, முதலிலிருந்து ஆரம்பித்தது.

அக்கா நேரத்தைக் குறித்துக்கொண்டார். பதினேழு நிமிடம், இருபது விநாடி.

நான் விடவில்லை. இது பழுதே இல்லை என்று வாதாடினேன். பவர் பேங்க்கால் தாங்க முடியாத சுமை, பாதுகாப்பாக நின்றிருக்கிறது. லிப்ட்டில் ஆறு பேருக்குப் பதில் எட்டுப் பேர் ஏறினால் மணி அடித்து நிற்குமே, அதைப் பழுது என்றா சொல்வோம்? அது லிப்ட்டின் நல்ல குணம். என் வாதத்தில் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "சரி. அப்படி ஒரு லிப்ட் நின்னா, நீங்க ரிப்போர்ட்ல என்ன எழுதுவீங்க?"

"இயந்திரத்தின் மேல் குற்றம் இல்லைன்னு எழுதுவேன்."

"வேற?"

இருபது வருட சர்வீஸ். பொய் எழுதிப் பழக்கமில்லை. "அளவுக்கு மேல் ஏற்றியவரே பொறுப்புன்னு எழுதுவேன்."

அறையில் விசிறி மட்டும் இரண்டாம் வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களும் என்னையே பார்த்தார்கள். ஒரு மனிதன் தனக்கு எதிராகத் தானே தீர்ப்பெழுதி, தானே கையெழுத்தும் போட்ட பிறகு மற்றவர்கள் சொல்ல என்ன இருக்கிறது?

"நீ கேட்டதைத்தானே மாட்டினேன்," என்றேன் மனைவியிடம், குரல் கொஞ்சம் இறங்கி.

"நான் கேட்டேங்க. போதும்னு சொல்ல வேண்டியது நீங்கதானே. ஆய்வாளர் நீங்க."

காகிதம் வந்தது. அக்கா நிதானமாக வாசித்தார். மேற்படி அறை, அதில் பொருத்தப்பட்ட சகல சாதனங்களுடனும். என் வாசகம் என் காதிலேயே இவ்வளவு கம்பீரமாக ஒலித்ததில்லை. என் டப்பா, என் கையிலிருந்து, மிக மரியாதையாக வாங்கிக்கொள்ளப்பட்டது. சைக்கிளை மட்டும் அவள் சாதனமாக ஏற்க மறுத்துவிட்டாள். அது தரையில் பொருத்தப்படவில்லையாம். அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூடத்தில் கொண்டுவந்து வைத்தோம்.

அக்கா போன பிறகு கேட்டேன். எல்லாம் தெரிந்தே செய்தாயா?

"பட்டாணி அளவு பேட்டரில எது ஓடும் எது ஓடாதுன்னு பன்னெண்டு வருஷமாப் பார்த்துட்டிருக்கேங்க," என்றாள், ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிச் சுருட்டியபடி. "ஃபேனும் லைட்டும் ஸ்பீக்கரும் கரண்ட் குடிக்கும். அந்த மூணையும் எடுத்துட்டா இது சும்மா மூணு மணி நேரம் போகும்."

எனக்குள் ஏதோ பொறி தட்டியது. "அந்த வெள்ளை ஒயர், பச்சை ஒயர்?"

"புதன்கிழமை காலைல நீங்க கெளம்பினதும் மாத்திட்டேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. கரண்ட்டுக்குக் கண் கிடையாதுன்னீங்க."

ஒரு கணக்கு மட்டும் எனக்கு இடித்தது. வெள்ளையும் பச்சையும் மாறியே கிடந்திருந்தால், இயந்திரம் ஓடியே இருக்காது. நான் தானாகவே தோற்றிருப்பேன். அறை அவளுக்கு வந்திருக்கும். அப்புறம் ஏன் மெனக்கெட்டுச் சரிசெய்தாள்?

அவள் என்னை, குழந்தை கேட்கிற கேள்வியைக் கேட்டவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"ஓடாத மிஷின் எனக்கு எதுக்குங்க?"

சின்ன அறைக் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அது ரொம்ப நல்ல தாழ்ப்பாள். எண்ணெய் போட்டது நான்தான்.

அடுத்த இரண்டு வாரம் என் மாலைகள் கூடத்தில் கழிந்தன. அவள் கழற்றி வெளியே வைத்த விசிறி, விளக்கு, ஸ்பீக்கர், கீபோர்டு, ஓடாத சைக்கிள், நான். ஆறு பேர். கொள்ளளவுக்குச் சரி. கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, திரையின் சொந்தச் சன்னக் குரலில், கார்கள் உறுமும், திரும்பும், மோதும். நடுநடுவே அவள் சிரிப்பாள். பெரிய சிரிப்பு இல்லை. யாரும் கேட்கவில்லை என்ற நிம்மதியில் வருகிற சின்னச் சிரிப்பு. ஒரு மணி நேரம் கழித்து, வேறு ஒருத்தி மாதிரி முகம் தெளிந்து வெளியே வருவாள். நான் ஒன்றும் கேட்பதில்லை. ஒருநாள் நகவெட்டி தேவைப்பட்டது. கதவருகே போய், கையை ஓங்கி, தட்டாமல் திரும்பிவந்து பல்லால் கடித்துக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் ஞாயிறு மதியம் தாழ்ப்பாள் தானாகத் திறந்தது. தலையை மட்டும் நீட்டினாள்.

"சும்மாதானே இருக்கீங்க? வந்து ஆடறீங்களா?"

அழைப்பு வந்துவிட்டது என்று ஓடிப்போய் நிற்கவில்லை. நான்கு விநாடி தாமதித்தேன். பிறகு ஓடினேன்.

எனக்கு ஸ்டூல். அவளுக்கு நாற்காலி. டப்பாவை மேஜை மேல் புத்தகங்களுக்கு நடுவே சாய்த்து வைத்திருந்தாள். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை என் கையில் கொடுத்தாள். அதன் ஒயர் மேஜைக்கு அடியில் எங்கோ போனது. சிவப்புக் கார் அவளுடையது, நீலக் கார் என்னுடையது என்றாள்.

நான் நன்றாகவே ஓட்டினேன். உங்களிடம் என்ன வெட்கம், பிரமாதமாகவே ஓட்டினேன். முதல் இரண்டு ஆட்டத்தில் கொஞ்சம் பிடிபடவில்லை. நான் இடப்பக்கம் திருப்பினால் நீலக் கார் சற்று யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. பழகாத கை. மூன்றாவது ஆட்டத்திலிருந்து அதன் மனது எனக்கும், என் மனது அதற்கும் புரிந்துவிட்டது. வளைவில் நான் மூச்சைப் பிடித்தால் அதுவும் மெதுவாகப் போனது. ஒரு முறை அவளுடைய காரை ஒட்டி உரசிக்கொண்டு முந்தினேன். "பரவால்லையே," என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் ஏழு துளை போடத் தயாராக இருந்தேன்.

அரை மணி நேரம் ஆனதும் தண்ணீர் வேண்டும் என்றாள். எடுத்து வருகிறேன், ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்து என்றேன்.

"பரவால்லங்க. ஓடட்டும்."

ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்க மனமில்லாமல் கையில் பிடித்தபடியே சமையலறைக்குப் போனேன். டம்ளரில் தண்ணீர் பிடித்துவிட்டுத் திரும்பினால், காலில் ஏதோ சிக்கியது. ஒயர். என்னோடு சமையலறை வரை முழுதாக வந்திருந்தது. முனையைத் தூக்கிப் பார்த்தேன். யு.எஸ்.பி. முனை, எதிலும் மாட்டப்படாத பளபளப்போடு என்னைப் பார்த்தது.

ஒரு கையில் தண்ணீர், மறு கையில் ஒயரின் முனை. அறை வாசலில் போய் நின்றேன். திரையில் நீலக் கார் அப்போதுதான் எல்லையைக் கடந்துகொண்டிருந்தது. முதலிடம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் அசட்டுச் சிரிப்போ குற்ற உணர்ச்சியோ எதுவும் இல்லை. தண்ணீரை வாங்கிப் பாதி குடித்தாள்.

"இந்த பேட்டரி போற போக்குக்கு ஒரு ஆளுக்குத்தாங்க தாங்கும். நீலத்தை மிஷினே ஓட்டிக்கும்," என்றாள். அப்புறம், கொஞ்சம் மெதுவாக, "சின்ன வயசுல எங்க அண்ணன் என்னை ரெண்டு வருஷம் இப்படித்தான் ஆட வச்சான். ஒயரை டிவிக்குப் பின்னாடி சும்மா சொருகி வச்சிருப்பான். எனக்குத் தெரியவே தெரியாது. நான் எத்தனையோ தடவை ஜெயிச்சுக்கூட இருக்கேன்."

கோபப்படலாம் என்று பார்த்தேன். யார் மேல் என்று தெரியவில்லை. அவள் ஸ்டூலைக் காலால் என் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காருங்க. நீலம் பிடிக்கலன்னா அடுத்ததுல வேற கார் எடுத்துக்கோங்க."

உட்கார்ந்தேன். ஒயரை ஒழுங்காகச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, பச்சைக் காரைத் தேர்ந்தெடுத்தேன்.